மூலநூல் திறந்துவைத்த வாசல்: ரசிகர் புனைவு எழுத விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில கதைகளைப் படித்து முடித்த பின்னும் அவற்றின் மாந்தர்கள் நம்மை விட்டுப் போவதில்லை. அவர்களைப் பற்றி மூல ஆசிரியர் சொல்லாமல் விட்ட ஒன்றை நாமே எழுதிப் பார்க்கும் முயற்சியைத்தான் ஃபேன் ஃபிக்‌ஷன் என்றும் ரசிகர் புனைவு என்றும் அழைக்கிறோம். நான் காட்பாடியில் வசிப்பவள். பகலில் ஒரு மொத்த மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்த வேலைக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் நேரத்தில், ஒன்பது ஆண்டுகளாகக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைச் சார்ந்து சிறுகதைகள் எழுதி வருகிறேன். எந்தக் கதையை எடுப்பது, எப்போது எழுதுவது, எதைப் படிப்பது, எங்கே போய்ப் பார்ப்பது என்று இளையவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு விடையாக, நான் கடைப்பிடிக்கும் முறையை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஒரே நாவலிலிருந்தும் ஒரே ஊரைச் சுற்றியும் வரும். முறை எந்த மூலநூலுக்கும் பொருந்தும்.

முதற்படி: உங்களை உறுத்தும் இடைவெளியைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பாத்திரத்தைப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் கதை எழுதப் போதாது. அந்தப் பாத்திரத்தைப் பற்றி உங்கள் மனத்தில் விடை கிடைக்காத ஒரு கேள்வி இருக்க வேண்டும். நந்தினிக்குப் பின்னால் என்ன ஆயிற்று, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்விகளை வாசகர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடர்கதையாக வந்த இந்நாவல் நிறைவடைந்தபோது, கல்கியே ஒரு முடிவுரை எழுதி, கதைமாந்தர் சிலரின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். வாசகர்களின் ஆவலை மூல ஆசிரியரே மதித்த நிகழ்ச்சி அது. ஆனால் எல்லாரும் கேட்கும் கேள்வியை நீங்களும் எடுத்துக்கொண்டால், ஏற்கெனவே பலர் நடந்த தடத்தில்தான் நடப்பீர்கள். உங்கள் ஊரும் உங்கள் வாழ்வும் மட்டுமே எழுப்பக்கூடிய கேள்வி ஒன்று எங்காவது இருக்கும், அதைத் தேடுங்கள்.

எனக்கு அந்தக் கேள்வி நாவலின் நாயகன் வந்தியத்தேவனிடமிருந்து வந்தது. வல்லத்து வாணர் குலத்தில் பிறந்தவனாக, நாடிழந்த அரச குடும்பத்தின் பிள்ளையாக நாவல் அவனைக் காட்டுகிறது. ஆடிப் பதினெட்டாம் நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் தோன்றும் அவன், கடம்பூர், தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, ஈழம் என்று சோழ தேசம் முழுவதும் அலைகிறான். அவன் முன்னோர்களின் திருவல்லத்துக்கு மட்டும் கதை நம்மை அழைத்துப் போவதில்லை. இன்று திருவலம் என்று பேச்சில் வழங்கும் அந்த ஊர், காட்பாடியிலிருந்து பேருந்தில் அரைமணி நேரப் பயணத்தில், பொன்னை ஆற்றங்கரையில் இருக்கிறது. என் தாய்வழி உறவினர் பலர் அங்கே இருக்கிறார்கள். எல்லா ஊருக்கும் போனவன் தன் ஊருக்கு ஏன் வரவில்லை என்ற எண்ணம் பதினேழு வயதில் எனக்கு ஏற்பட்டது. இதுவரை எழுதிய இருபத்தொரு கதைகளும் அந்த ஒரே எண்ணத்திலிருந்துதான் கிளைத்தன.

உங்கள் கேள்வி சரியானதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அதை ஒரே வாக்கியமாக எழுதி, ஒரு மாதம் கழித்து எடுத்துப் படித்துப் பாருங்கள். அப்போதும் அது உங்களைத் தொந்தரவு செய்தால் எழுதத் தொடங்கலாம்.

இரண்டாம் படி: மூலநூலை மூன்று முறை, மூன்று நோட்டுகளோடு படியுங்கள்

முதல் வாசிப்பு மகிழ்ச்சிக்கானது, நோட்டு வேண்டாம். இரண்டாம் வாசிப்பில் உங்கள் பாத்திரம் வரும் ஒவ்வொரு இடத்தையும் குறியுங்கள்: எந்த அத்தியாயம், உடன் இருந்தவர் யார், என்ன பேசினார், எதை மறைத்தார், கையில் என்ன இருந்தது. மூன்றாம் வாசிப்பு பேச்சுக்கு மட்டும். வந்தியத்தேவன் பெரியவர்களிடம் எப்படிப் பேசுகிறான், ஆழ்வார்க்கடியானிடம் எப்படிப் பேசுகிறான், பொய் சொல்லும்போது அவன் வாக்கியம் எப்படி நீளுகிறது என்பவற்றைத் தனி நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஐந்து பாகங்கள் கொண்ட நாவலுக்கு இந்த வேலை எனக்கு எட்டு மாதம் பிடித்தது. சுருக்கப் பதிப்பையோ திரைப்படத்தையோ மட்டும் நம்பி எழுதுவோரின் கதைகளில் பாத்திரத்தின் பெயர் இருக்கும், குரல் இருக்காது. வாசகர் அதை முதல் பக்கத்திலேயே உணர்ந்துவிடுவார்.

மூன்றாம் படி: ஆதாரங்களை வரிசைப்படுத்துங்கள்

இந்த ஒரு படியில் நிறைய நேரம் செலவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் வரிசை இதுதான்: முதலில் மூலநூல், அடுத்துக் கல்வெட்டும் செப்பேடும், மூன்றாவதாக நிலம், கடைசியாக என் விருப்பம். முன்னதோடு பின்னது மோதினால் பின்னதை விட்டுவிடுவேன். வந்தியத்தேவனின் குலத்தைப் பற்றி வரலாற்று ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவன் சோழ இளவரசி குந்தவையின் கணவன் என்பதை மட்டும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஐயமின்றிச் சொல்கிறது. நான் எழுதுவது வரலாற்றுக் கட்டுரையாக இருந்தால் அந்தக் கருத்து வேறுபாடுகளை எடுத்துப் பேச வேண்டியிருக்கும். ரசிகர் புனைவில் கல்கி அவனை வாணர் குலத்தில் வைத்தார் என்பதே எனக்குச் சட்டம். கேனன் என்று இளைஞர்கள் சொல்வது இதைத்தான்.

சட்டத்தை ஏற்றுக்கொண்ட பிறகு கல்வெட்டு தரும் செல்வத்துக்கு அளவே இல்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் முதற்பகுதியைக் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் 1899இல் பதிப்பித்தார். உக்கல், மேல்பாடி, கரூர், மணிமங்கலம், திருவல்லம் என்ற ஐந்து ஊர்களின் கல்வெட்டுகள் அதில் உள்ளன. அவற்றில் மூன்று ஊர்கள் பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. வாணர்கள் தங்களை மாவலியின் வழிவந்தவர்களாகச் சொல்லிக்கொண்டார்கள் என்பதும், அந்த மாவலியைச் சிவபெருமான் தம் வாயிற்காவலனாக ஏற்றார் என்று பெருமையோடு பொறித்துக்கொண்டார்கள் என்பதும் எனக்கு அந்தப் பக்கங்களில்தான் தெரியவந்தன. கடவுளின் வாசலைக் காத்தவனின் வாரிசு இப்போது இன்னொருவர் அரண்மனை வாசல்களில் ஓலையோடு காத்து நிற்கிறான் என்று நினைத்த இரவில் என் மூன்றாவது கதை பிறந்தது.

அதைவிட ஆழமாக என்னைத் தைத்த செய்தி வாணியம்பாடிக்கு அருகிலுள்ள உதயேந்திரத்திலிருந்து கிடைத்தது. முதலாம் பராந்தக சோழர் வாண அரசர் இருவரை வேரோடு களைந்தார் என்று அவ்வூர்ச் செப்பேடு கூறுகிறது. வாணாதிராசன் என்ற பட்டம் கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதிக்குப் போய்ச் சேர்ந்தது. பராந்தகரின் கொள்ளுப்பேரன்தான், வந்தியத்தேவனை ஓலையோடு தூது அனுப்பும் ஆதித்த கரிகாலன். அப்படியானால், தன் குலத்தின் ஆட்சியைப் பறித்த குடும்பத்துக்காகவே உயிரைக் கொடுக்கத் துணிகிறான் இந்த இளைஞன். அவன் சிரித்துச் சிரித்துப் பேசுவதற்கு அடியில் என்ன இருந்திருக்கும்? மூலநூலையும் செப்பேட்டையும் அருகருகே வைத்தபோது கிடைத்த கேள்வி இது. கற்பனையை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் எனக்குத் தோன்றியிருக்காது.

காலக்கணக்கையும் போட்டுப் பாருங்கள். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் 949இல் தக்கோலத்தில் சோழரை வென்றான். யானை மீதிருந்த இளவரசர் இராசாதித்தர் அந்தப் போரில் மாண்டார். தக்கோலம் இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணத்துக்கு அருகில் இருக்கிறது. அதன்பின் தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகளில் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவன் என்று கிருஷ்ணனின் பெயர் வருகிறது. நாவல் நடப்பது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து. எனவே என் கதைகளில் வந்தியத்தேவன் சிறுவனாக இருந்தபோது திருவல்லத்தில் நடந்தது கன்னரதேவனின் ஆட்சி. வந்தியத்தேவனை வளர்த்த ஒவ்வொரு வீட்டிலும் தக்கோலத்துக்குப் போய்த் திரும்பாத ஒருவர் இருக்கிறார்.

நான்காம் படி: நடந்து போய்ப் பாருங்கள்

நிலத்தைப் படிக்காமல் எழுதாதீர்கள். திருவலத்துக்கு நான் ஆண்டில் நான்கு முறை, நான்கு பருவங்களில் போகிறேன். வில்வநாதேசுவரர் கோயிலில் நந்தி இறைவனுக்கு முதுகு காட்டி வாசலை நோக்கி அமர்ந்திருப்பதை முதலில் பாருங்கள். காஞ்சனகிரிப் பக்கமிருந்து வந்த அசுரனைத் தடுக்க அப்படித் திரும்பியது என்று ஊரில் சொல்வார்கள். வாயிற்காவலனின் குலத்தவர் ஆண்ட ஊரில் நந்தியும் வாசலைத்தான் காக்கிறது. இத்தகைய ஒற்றுமைகளை நான் கதையில் விளக்குவதில்லை. பாத்திரம் அந்த நந்தியைக் கடந்து நடந்தால் போதும்.

அங்கிருந்து வடக்கே பொன்னை ஆற்றை ஒட்டிப் போனால் மேல்பாடி. ஆற்றூர்த் துஞ்சிய தேவர் என்று குறிக்கப்படும் அரிஞ்சய சோழருக்கு இராசராசர் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது மறைந்த அரசரின் நினைவுக்கோயில், அங்கே இருக்கிறது. நாவலின் பொன்னியின் செல்வரே தம் பாட்டனாருக்காகக் கட்டிய கோயில், வந்தியத்தேவனின் ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது என்பது எத்தனை வாசகருக்குத் தெரியும்? அருகில் வள்ளிமலையின் சமணச் சிற்பங்களில் ஒன்று, வாண அரசரின் குரு மரபைச் சேர்ந்த முனிவரைக் குறிக்கிறது. ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம். ஆனால் நான் மூன்று தனித்தனி நாள்களில் போகச் சொல்வேன். அவசரமாகப் பார்த்தவை கதையில் தகவலாகவே கிடக்கும், காட்சியாக மாறுவதில்லை.

போகும்போது நோட்டில் செய்தி எழுத வேண்டாம். செய்தி புத்தகத்தில் இருக்கிறது. கல்லின் சூடு, மணல் காலில் ஏறும் விதம், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கோயில் வாசலில் நின்றால் ஆற்றின் ஓசை கேட்குமா என்பவற்றைக் குறியுங்கள். வறண்ட மணலாகவே பார்த்துப் பழகிய பாலாறு 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் ஓடியபோது நான் பாலத்தருகே நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். கல்கி தம் முதல் பாகத்துக்குப் ‘புது வெள்ளம்’ என்று பெயர் வைத்ததன் முழுப் பொருளும் எனக்கு அன்றுதான் புரிந்தது.

பல்லவர் காலத்து நாவல்களைச் சார்ந்து எழுதுவோருக்கும் எங்கள் பழைய மாவட்டம் குறை வைப்பதில்லை. மகேந்திரவாடியில் வயல்களுக்கு நடுவே ஒற்றைப் பாறையில் குடைந்த மகேந்திரவர்மரின் விஷ்ணு கோயில் இருக்கிறது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த அவர் காலத்து நடுகல் ஒன்று, கருந்தேவக்கத்தி என்ற வீரனையும் கோவிவன் என்ற அவனுடைய நாயையும் ஒன்றாகக் காட்டுகிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது அந்த நாய் என்று கல் சொல்கிறது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பெயர் அழியாமல் நிற்கும் ஒரு நாயைவிடச் சிறந்த பாத்திரம் வேறு எங்கே கிடைக்கும்!

ஐந்தாம் படி: காலத்துக்கு ஒவ்வாதவற்றைக் களையுங்கள்

என் முதல் கதையில் வந்தியத்தேவன் வேலூர்க் கோட்டையின் அகழியைக் கடந்து போனான். கோட்டையோ பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைச் சுட்டிக்காட்டிய பெரியவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அன்று முதல் ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறேன். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா, பப்பாளி, முந்திரி, புகையிலை ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தவை. எங்கள் ஊர் மானாவாரிக் காடெல்லாம் விளையும் மல்லாட்டையும் (நிலக்கடலை) அப்படித்தான். பத்தாம் நூற்றாண்டுச் சிறுவன் அதை வறுத்துத் தின்ன முடியாது. மிளகு, புளி, எள், வரகு, சாமை, மோர் ஆகியவற்றைக் கொண்டே ஒரு நல்ல விருந்து எழுதலாம். நேரத்துக்கு நாழிகை: ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு சாமத்துக்கு ஏழரை நாழிகை. இரவுக் காட்சி எழுதுமுன் அன்றைய திதியை முடிவு செய்யுங்கள். அமாவாசைக்கு மறுநாள் நிலவொளியில் யாரும் முகம் பார்க்க முடியாது.

ஆறாம் படி: நேரமும் இடமும்

விடியற்காலை நான்கரை மணி முதல் ஆறேகால் வரை எழுதுகிறேன். வேலூர் வெயிலைப் பற்றி இங்கே வாழ்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் பகலில் மூளை வேலை செய்யாது. எழுதுமுன் மூலநூலில் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிப்பேன். கல்கியின் நடையைப் போலச் செய்வதற்காக இந்தப் பழக்கம் ஏற்படவில்லை. அவருடைய மாந்தரின் குரல் காதில் இருக்க வேண்டும் என்பதற்காக. முதல் வரைவு கையால், கோடு போட்ட நோட்டில். இரண்டாம் வரைவைத் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யும்போது மூன்றில் ஒரு பங்கு தானாகவே உதிர்ந்துவிடும். மாலையில் எழுதுவதில்லை, மாலை படிப்பதற்கு.

ஏழாம் படி: எதை எழுதுவேன், எதை எழுத மாட்டேன்

ஒரே காட்சி, ஒரே இரவு, இரண்டு அல்லது மூன்று பேர்: எனக்குப் பிடித்த அளவு இது. ஒன் ஷாட் என்று சொல்லப்படும் இந்த வடிவத்திலேயே புதியவர்கள் தொடங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். ஐம்பது அத்தியாயத் தொடரைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினால், நம்பி வந்த வாசகரை நடுவழியில் இறக்கிவிட்டதாக ஆகும்.

காதல் கதைகள் எழுதுகிறேன், ஆனால் குந்தவையையும் வந்தியத்தேவனையும் மூலநூல் சேர்த்துவைத்திருக்கும்போது அவர்களைப் பிரித்து வேறு இணை சேர்ப்பதில்லை. இது என் சுவை. மாற்றி எழுதுவோரை நான் குறை சொல்லமாட்டேன். நாவலில் வரும் கடம்பூர் மணிமேகலையின் இறுதியை மாற்றி அவளைப் பிழைக்க வைக்குமாறு பலர் கேட்டார்கள். அவளுடைய துயரத்தைக் கல்கி எழுதிய விதத்தில் எனக்கிருக்கும் மதிப்பினால் அதை மறுத்துவிட்டேன். அவள் சிறுமியாகக் கடம்பூர் மாளிகையில் வீணை பழகும் ஒரு பிற்பகலை மட்டும் எழுதினேன்.

புதிய பாத்திரம் சேர்ப்பதில் மிகுந்த கவனம் தேவை. எல்லாரும் வியக்கும் அழகியையோ, கரிகாலனையே வாளில் வெல்லும் வீரனையோ கொண்டுவந்து நுழைத்தால் மூலநூலின் மாந்தர் ஒளியிழந்துபோவார்கள். என் புதிய பாத்திரங்கள் கல்வெட்டின் ஓரத்திலிருந்து வருகிறார்கள். ஒருமுறை திருவலம் கோயில் சுவரில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது பூக்கட்டும் பாட்டி ஒருவர் அருகில் வந்தார்.

“இன்னாம்மா, கல்லுல எழுதிக்கிறது உனக்குப் புரியுதா?”

“கொஞ்சம் புரியுது பாட்டி.”

“யாரு பேரு எழுதிக்கீது?”

“விளக்குக்கு ஆடு விட்டவங்க பேரு பாட்டி.”

“ஆட்ட மேச்சவன் பேரு?”

சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரியத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளைக் கோயிலுக்கு விடுவார்கள். அவற்றின் எண்ணிக்கை என்றும் குறையாது என்பதால் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். அவற்றை ஏற்று நாள்தோறும் நெய் அளக்கும் இடையரை மன்றாடி என்று கல்வெட்டுகள் அழைக்கும். பாட்டி கேட்ட கேள்வியோடு வீடு திரும்பிய நான், தக்கோலத்தில் மகனை இழந்து, அவன் மேய்த்த ஆடுகளைத் தானே மேய்த்து நெய் அளக்கும் ஒரு முதியவளை எழுதினேன். ஓலை கொண்டுபோகும் வழியில் இரவோடிரவாகத் தன் ஊரைக் கடக்கும் வந்தியத்தேவனை, இருட்டில் அவன் குரலை வைத்து அவள் அடையாளம் கண்டுகொள்கிறாள். அவன் மறுத்துவிட்டுப் போகிறான்.

எட்டாம் படி: உரிமை

கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். தமிழக அரசு அவருடைய படைப்புகளை 1999இல் நாட்டுடைமையாக்கியது. ஆகவே அவற்றைச் சார்ந்து எழுதத் தடையில்லை. பிற ஆசிரியர்களுக்கு, அவர்கள் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. வாழும் எழுத்தாளரின் மாந்தரை வைத்து எழுதினால் விற்காதீர்கள், மூலநூலின் பெயரை முதல் வரியிலேயே சொல்லுங்கள், அவர் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஒன்பதாம் படி: இரண்டு வாசகர்கள்

முடித்த கதையை பதினைந்து நாள் தொடாமல் வையுங்கள். பிறகு அதற்கு முன்னும் பின்னும் வரக்கூடிய மூல அத்தியாயங்களைப் படித்துவிட்டு உங்கள் கதையைத் திருத்துங்கள். அதன்பின் இருவரிடம் கொடுங்கள். ஒருவர் மூலநூலைக் கரைத்துக் குடித்தவராக இருக்க வேண்டும். வந்தியத்தேவன் இப்படிப் பேசமாட்டான் என்று அவர் சொன்னால் வாதாடாமல் அந்த வரியை அடித்துவிடுங்கள். மற்றவர் மூலநூலைத் தொட்டே பார்க்காதவராக இருக்கட்டும். கதை தன் காலில் நிற்கிறதா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

எனக்கு அந்த இரண்டாம் வாசகர் பக்கத்து வீட்டு அக்கா. மன்றாடிக் கிழவியின் கதையை அவருக்கு ஒரு மாலையில் படித்துக் காட்டினேன். வந்தியத்தேவன் யார் என்பதை அவர் கேட்கவே இல்லை. நோட்டை மூடியபோது சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தக் கிழவி செத்துட்டா ஆடுங்கள யாரு பாத்துப்பாங்க?” என்றார். இருபத்திரண்டாவது கதைக்கான நோட்டின் முதல் பக்கத்தில் அந்த வாக்கியத்தை எழுதிவைத்திருக்கிறேன். ஒரு மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.